கையடக்க ஜிபிஎஸ்ஸா, சோனார் சேர்ந்த கருவியா: வாங்கிப் பொருத்தும்வரை பட்ட பாடு

சிங்கப்பூரின் சாங்கியிலிருந்து படகெடுத்து மீன்பிடிக்கச் செல்லும் எங்கள் குழுவுக்கு இரண்டு தேவைகள் இருந்தன. முன்பு களவாவும் சங்கராவும் கிடைத்த பாறைக்கே திரும்பிச் செல்ல வேண்டும். புதிய பாறைகளையும் கண்டுபிடிக்க வேண்டும். முதல் வேலைக்குக் கையடக்க ஜிபிஎஸ் போதும். சில மீட்டர் பிசகுடன் இடத்தைக் காட்டிவிடும், இரண்டு ஏஏ பேட்டரியில் ஓடும், யாருடைய படகிலும் எடுத்துச் செல்லலாம். ஆனால் ஜிபிஎஸ் அலை கடல்நீருக்குள் இறங்காது என்பதால், கீழே இருப்பது மணலா பாறையா, ஆழம் எவ்வளவு என்பதை அதனால் சொல்ல முடியாது. எனவே ஜிபிஎஸ்ஸும், ஒலியின் எதிரொலியை வைத்து ஆழத்தையும் தரையையும் காட்டும் சோனாரும் சேர்ந்த கருவியையே வாங்கினோம். அந்தத் தேர்வில் எனக்குக் குறையில்லை; வாங்கிய இடத்தில்தான் அலைக்கழிக்கப்பட்டோம்.

எல்லாம் பெட்டிக்குள் இருக்கிறது, இந்த வட்டாரக் கடல் வரைபடமும் உண்டு என்று கடை ஊழியர் உறுதியாகச் சொன்னார். வீட்டில் பிரித்தபோது திரை, தாங்கி, மின்கம்பி ஆகியவை மட்டுமே இருந்தன. ஒலியை அனுப்பி எதிரொலியை வாங்கும் டிரான்ஸ்டியூசர் இல்லை. ஒரே மாடல் டிரான்ஸ்டியூசருடனும் அது இல்லாமலும் விற்கப்படுவதுண்டு. பெட்டிகள் ஒன்றுபோலவே இருக்கும், பொருள் எண்தான் வேறுபடும். வேலை நாளில் விடுப்பெடுத்துக் கடைக்குப் போய் அதை வாங்கி வந்து கருவியை இயக்கினால், திரையில் அமெரிக்க ஏரிகள் துல்லியமாக விரிந்தன. சிங்கப்பூர் நீரிணை இருக்க வேண்டிய இடத்தில் கரையோரக் கோடு மட்டும் தெரிந்தது, ஆழ எண் ஒன்றுகூட இல்லை.

விற்ற பொருளுக்கு இனிப் பொறுப்பில்லை என்று கடையில் கைவிரித்தார்கள். நல்லவேளையாக, பணம் கட்டும்போதே "தென்கிழக்காசிய வரைபடத்துடன்" என்று பில்லில் எழுதி வாங்கியிருந்தோம். 2012 செப்டம்பர் முதல் நடப்பில் இருக்கும் நுகர்வோருக்கான லெமன் சட்டப்படி, ஒப்புக்கொண்டபடி இல்லாத பொருளைச் சரிசெய்து தரவோ மாற்றித் தரவோ கேட்கலாம் என்பதை அந்தப் பில்லை மேசையில் வைத்துக்கொண்டே சொன்ன பிறகுதான் வரைபட அட்டை வந்தது. வாய்ச்சொல்லை மட்டும் நம்பித் தயவுசெய்து யாரும் பணம் கட்டாதீர்கள்.

அடுத்த தடை படகில் காத்திருந்தது. டிரான்ஸ்டியூசரைப் பொருத்தப் பின்பலகையில் ஓட்டை போட உரிமையாளர் அண்ணன் சம்மதிக்கவில்லை. அவர் படகு, அவர் கவலை நியாயமானது. கண்ணாடியிழை அடித்தளத்துக்குள்ளே ஒட்டிவிடலாம் என்றால், நடுவில் நுரை அடுக்கு இருந்தால் ஒலி அதைத் தாண்டாது. கடைசியில் அலுமினியக் குழாயின் நுனியில் டிரான்ஸ்டியூசரை மாட்டி, படகின் ஓரத்தில் இறுக்கியால் பிடித்துக் கட்டினோம். புரொப்பெல்லர் கிளப்பும் குமிழிகளுக்குள் அது அகப்பட்டால் திரை முழுவதும் புள்ளிகளாகிவிடும் என்பதால் முன்னே தள்ளியே கட்ட வேண்டும்.

நம் கடலுக்குச் சோனார் ஒலியின் அலைவரிசை 200 கிலோஹெர்ட்ஸ் போதும். 50 கிலோஹெர்ட்ஸ் ஆழ்கடலுக்கானது. ஒலி கீழே விரியும் கூம்பு 20 டிகிரி என்றால், 20 மீட்டர் ஆழத்தில் சுமார் 7 மீட்டர் அகல வட்டம்தான் தெரியும். மெதுவாக ஓட்டிச் சென்றபோது, மெல்லிய கோடாக இருந்த தரை திடீரெனத் தடித்து மேலெழும்பியது. கீழே பாறை என்பதற்கான அடையாளம் அது. அந்த நொடியே பொத்தானை அழுத்தி இடத்தைக் குறித்துக்கொண்டோம். சோனார் காட்டிய இடமே அப்படியே ஜிபிஎஸ்ஸில் பதிவாகும் இந்த வசதி, தனித்தனிக் கருவிகளில் இவ்வளவு சுலபமாக வாய்க்காது.

பழைய இடங்களைப் பதிவேற்றும்போது ஒன்றைக் கவனியுங்கள். ராஃபிள்ஸ் கலங்கரை விளக்கத்தின் அட்சரேகை 1.16 டிகிரி, அதாவது 1 டிகிரி 9.6 நிமிடம். அதையே 1 டிகிரி 16 நிமிடம் என்று பதிந்தால் ஏறக்குறைய 12 கிலோமீட்டர் வடக்கே போய் நிற்கும். எந்த முறையில் எழுதப்பட்ட எண் என்று தந்தவரிடம் கேட்டுக்கொண்டு, கருவியின் அமைப்பையும் அதற்கேற்ப மாற்றிவிட்டே பதியுங்கள். காயக்கில் போகிறவர்களுக்கும் அடிக்கடி படகு மாற்றுகிறவர்களுக்கும் என் ஓட்டு இன்னமும் கையடக்கக் கருவிக்கே. எங்கள் படகிலும் 12 வோல்ட் பேட்டரி கைவிட்டால் திரும்பி வருவதற்காக, எல்லாக் குறிகளையும் நகலெடுத்த கையடக்கக் கருவி ஒன்றைப் பையில் வைத்திருக்கிறோம்.