டோயாமாவுக்கு ஒரு ராத்திரி பஸ், ஒரு மஞ்சள் போஸ்டர்

ஜப்பான்ல டோயாமாங்கிற ஊர் மியூசியத்துல போஸ்டர் பார்த்துட்டு நேத்துதான் டோக்கியோ திரும்பினேன், சூடு ஆறுறதுக்குள்ள எழுதிடணும். போற வழி, செலவு, சாப்பாடுன்னு வரிசையா சொல்றேன்.

மொதல்ல செலவு. வெளிநாட்டுப் பயணிகளுக்கான ஏழு நாள் ரயில் பாஸை (ஜே.ஆர். பாஸ்) 2023 அக்டோபர்ல 29,650 யென்ல இருந்து ஒரேயடியா 50,000 ஆக்கிட்டாங்க, நமக்கு கட்டுப்படியே ஆகாது. ஷின்கான்சென் புல்லட் ரயில்ல ரெண்டேகால் மணி நேரத்துல போயிடலாம், ஆனா ஒரு வழிக்கே 12,000 யென்னுக்கு மேல. அதனால நைட் பஸ். வரிசைக்கு நாலு சீட், முன்னாடி இருக்கிறவர் சாய்ஞ்சா நம்ம முட்டி நசுங்குது, ராத்திரி பூரா ஹீட்டர் வேற, பொட்டு தூக்கம் இல்ல. இன்னும் கொஞ்சம் காசு போனாலும் மூணு சீட் வரிசை பஸ்ஸே எடுங்க, சொல்லிட்டேன். காலைல ஆறு மணிக்கு இறக்கி விட்டுட்டாங்க, மியூசியம் திறக்கிறது ஒன்பதரைக்கு!

டோயாமா ஸ்டேஷன்ல இருந்து கால்வாய் பார்க் பக்கமா நடக்கிற தூரம்தான், 2017ல திறந்த ஆர்ட் அண்ட் டிசைன் மியூசியம். 1985லயே மூணு வருஷத்துக்கு ஒரு தடவை நடக்கிற சர்வதேச போஸ்டர் ட்ரியென்னாலே ஆரம்பிச்ச ஊர் இது.

எல்லாம் ஜப்பான் டிசைனருங்க போஸ்டர்தான், உள்ள போனதும் கமெகுரா யூசாகு. 1964 டோக்கியோ ஒலிம்பிக்ஸ் போஸ்டர், கும்மிருட்டுல ஓட்டக்காரங்க எல்லாரும் ஒரே நொடியில பாயுறாங்க, கீழ தங்க நிறத்துல வளையங்கள், அவ்ளோதான். பி1 பேப்பர் சைஸ்னா ஒரு மீட்டருக்கு மேல உயரம், போன்ல பார்த்ததெல்லாம் பார்த்த கணக்கே இல்ல. தனாகா இக்கோவோட 1981 போஸ்டர்ல நடனக்காரி முகம் வெறும் கட்டமும் வட்டமும்தான், ஆனா அந்தக் கண்ணு நம்மளயே பார்க்குது. யொகோ தடனோரியை எல்லாரும் தலைல தூக்கி வெச்சு ஆடுறாங்க, நிறமெல்லாம் அள்ளுது, ஒத்துக்கிறேன், ஆனா என்னைக் கேட்டா ஃபுகுதா ஷிகேயோதான்.

'விக்டரி 1945'. போர் முடிஞ்ச 30 வருஷ நினைவுக்கு வார்சால நடந்த போட்டிக்காக 1975ல பண்ணது. மஞ்சள் பின்னணி, கறுப்பு பீரங்கிக் குழாய், அதுல இருந்து போன குண்டு மூக்கைத் திருப்பிக்கிட்டு அதே குழாய்க்குள்ளயே வருது. ரத்தம் கிடையாது, அழுற முகம் கிடையாது. எவ்ளோ நேரம் நின்னேன்னு தெரியல.

மத்தியானம் டோயாமா பிளாக் ராமென், அதாவது சூப்புல போட்ட நூடுல்ஸ். சூப்பு தார் மாதிரி கறுப்பு, உப்பு சுள்ளுனு கரிக்குது, நான் பக்கத்துல வெள்ளைச் சோறு வாங்கி வெச்சு ஒரு வாய் அது ஒரு வாய் இதுன்னு சாப்பிட்டேன், இந்த ட்ரிப்லயே பெஸ்ட் சாப்பாடு இதான். ஏன் இவ்ளோ உப்புன்னு தேடிப் படிச்சா, போருக்கப்புறம் ஊரைத் திரும்பக் கட்டின கூலி ஆளுங்க வியர்வை சிந்தினதுக்கு ஈடா, கொண்டு வந்த சோத்தோட சாப்பிட்டதாம். 1945 ஆகஸ்ட் 2 விடியறதுக்குள்ள அமெரிக்க விமானங்கள் குண்டு போட்டு இந்த நகரத்துல 99 சதவீதத்துக்கும் மேல எரிஞ்சிருக்கு. அந்த ஊர் சுவத்துலயா அந்தக் குண்டைப் பார்த்துட்டு வந்தேன்! பாதி சூப்பை அப்படியே வெச்சுட்டு திரும்ப நடந்தேன், இன்னொரு டிக்கெட் எடுத்தேன், பட்ஜெட் பத்தி அப்போ யோசிக்கவே இல்ல.

சொல்ல மறந்துட்டேன், புதன்கிழமை மியூசியம் லீவு. டோயாமா வரைக்கும் போக முடியாதவங்க டோக்கியோ கின்சா கிராஃபிக் கேலரிக்கு போங்க, அனுமதி இலவசம், ஞாயிறு மட்டும் போயிடாதீங்க.