பழைய பாய்மரப் படகும் டீசலில் இறங்கும் தண்ணீரும்

மலாக்கா நீரிணையில் பாய்மரப் படகு வைத்திருப்பவர், விரும்பினாலும் விரும்பாவிட்டாலும், ஒரு டீசல் இயந்திரத்தையும் வைத்துப் பராமரிக்க வேண்டியிருக்கிறது. வடகிழக்குப் பருவக்காற்று வீசும் மாதங்களை விட்டால், போர்ட் கிள்ளானிலிருந்து லங்காவித் தீவு வரையிலான மலேசியக் கரையோரத்தில் நம்பிப் பாய் விரிக்கும்படியான காற்று தொடர்ந்து கிடைப்பதில்லை. விடியற்காலையில் தரைக்காற்று கொஞ்சம், பிற்பகலில் கடற்காற்று கொஞ்சம், தென்மேற்குப் பருவத்தில் சுமத்ராப் பக்கமிருந்து இருட்டோடு இருட்டாக வந்து இறங்கும் புயல்மழை, மற்ற நேரமெல்லாம் அசையாத கடல் என்றுதான் பொழுது போகும். ஆகவே இங்குள்ள பயணங்களில் பெரும்பகுதி இயந்திரத்தின் தயவில்தான் நடக்கிறது. என் படகு 1980களில் கட்டப்பட்ட, 34 அடி நீளமுள்ள கண்ணாடியிழைப் படகு. அதில் இருப்பது மூன்று சிலிண்டர் கொண்ட யான்மார் 3ஜிஎம்30எஃப் இயந்திரம். மின்னணுப் பாகம் எதுவும் இல்லாத, 27 குதிரைத்திறன் கொண்ட அந்தப் பழைய இயந்திரத்துக்குச் சுத்தமான டீசலும் காற்றும் கொடுத்துக் குளிர்ச்சிக்குக் கடல்நீரையும் ஓடவிட்டால் அது வேறு எதையும் கேட்பதில்லை. இவற்றில் கெடுவது பெரும்பாலும் டீசல்தான். டீசல் கெடுவதற்குக் காரணம் பெரும்பாலும் தண்ணீர்தான்.

லாரியில் இந்தத் தொல்லை அதிகம் தெரிவதில்லை, ஏனென்றால் லாரியின் தொட்டி சில நாள்களுக்கு ஒருமுறை காலியாகி நிரம்புகிறது. பாய்மரப் படகின் தொட்டியிலோ அதே டீசல் மாதக்கணக்கில் கிடக்கிறது. டீசலின் அடர்த்தி லிட்டருக்குச் சுமார் 0.84 கிலோ, நன்னீருடையது 1, கடல்நீருடையது 1.025 என்பதால், உள்ளே புகுந்த நீர் எப்படிப் புகுந்திருந்தாலும் தொட்டியின் அடியில்தான் போய்ச் சேரும். இயந்திரத்துக்கு டீசலை எடுத்துச் செல்லும் குழாய் அடித்தளத்துக்குச் சற்று மேலேயே நின்றுவிடுவதால், கடல் அமைதியாக இருக்கும் வரை அடியிலுள்ள நீரும் கசடும் யாருக்கும் தெரியாமல் அங்கேயே இருக்கும். படகு குலுங்கத் தொடங்கும்போதுதான் அவை கலங்கி மேலே வந்து வடிகட்டியை அடைக்கின்றன. துறைமுக வாயிலில் நீரோட்டமும் எதிரலையும் மோதிக்கொள்ளும் இடத்தில், பாயை இறக்கிவிட்டு இயந்திரத்தை மட்டும் நம்பி நுழையும் நேரத்தில், அது இருமி நின்றுபோவதாகப் பலரும் சொல்வதைத் தற்செயல் என்று தள்ள முடியாது. குலுக்கல் அதிகமாகும் இடமும் இயந்திரம் கட்டாயம் தேவைப்படும் இடமும் ஒன்றாகவே அமைந்துவிடுகின்றன.

கசடு என்று நாம் பொதுவாகச் சொல்வதில் பல சங்கதிகள் அடக்கம். பழைய டீசல் காற்றோடு சேர்ந்து தானாகவே உருவாக்கும் பிசின் ஒரு பங்கு. தொட்டியிலிருந்தும் பழைய ஹோஸ்களிலிருந்தும் உதிர்ந்த துகள் இன்னொரு பங்கு. மிகவும் தொல்லை தருவது உயிருள்ள பங்கு. ஹார்மோகோனிஸ் ரெசினே என்ற பூஞ்சையும் அதனுடன் சேர்ந்து வாழும் பாக்டீரியாக்களும், நீரும் டீசலும் சந்திக்கும் மெல்லிய எல்லையில் குடியேறுகின்றன. வாழ்வதற்கு நீர் வேண்டும், உண்பதற்கு டீசல் வேண்டும் என்பதால் அவற்றுக்கு அதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. அவை பழுப்பும் கறுப்புமாகச் சளி போன்ற படலங்களை வளர்ப்பதோடு, கழிவாக வெளியிடும் அமிலங்களால் அலுமினியத் தொட்டியின் அடியில் குழி குழியாக அரிப்பையும் உண்டாக்குகின்றன. ஜெட் விமானங்கள் புழக்கத்துக்கு வந்த தொடக்கக் காலத்தில் அவற்றின் இறக்கைத் தொட்டிகளிலும் இதே பூஞ்சைதான் தொல்லை கொடுத்தது. முப்பது டிகிரியை ஒட்டிய வெப்பநிலை ஆண்டு முழுவதும் நிலவும் லங்காவியில் அதற்கு ஓய்வுகாலமே இல்லை.

இத்துடன் பாமாயிலும் சேர்ந்துகொண்டிருக்கிறது. மலேசியாவில் வாகனங்களுக்கு விற்கப்படும் டீசலில் 10 விழுக்காடு பாமாயில் மெத்தில் எஸ்டர் கலக்கும் திட்டம் 2019இல் நடைமுறைக்கு வந்தது. 20 விழுக்காட்டுக் கலப்பு 2020இல் முதலில் லங்காவியில்தான் அறிமுகமானது. தாவர எண்ணெயில் டீசல் இயந்திரம் ஓடுவது புதிய செய்தி அன்று. 1900ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சியிலேயே அத்தகைய இயந்திரம் ஒன்று கடலை எண்ணெயில் ஓடிக் காட்டியது. நாட்டின் பொருளாதாரத்துக்கும் இந்தக் கலப்பு நல்லதாக இருக்கலாம். ஆனால், படகுத் தொட்டியைப் பொறுத்தவரை இதில் மூன்று விளைவுகளைக் கவனிக்க வேண்டும். இந்த எஸ்டர், கனிம டீசலைவிடப் பல மடங்கு அதிக நீரைத் தன்னுள் கரைத்து வைத்துக்கொள்ளும்; நுண்ணுயிர்களுக்கு எளிதில் செரிக்கும் உணவாகும்; கரைப்பான் போலச் செயல்பட்டு, தொட்டிச் சுவரில் ஆண்டுக்கணக்காக ஒட்டியிருந்த பிசினைப் பெயர்த்தெடுத்து வடிகட்டிக்கு அனுப்பும். பழைய ரப்பர் ஹோஸ்களையும் வாஷர்களையும் அது ஊதி மென்மையாக்கிவிடுவதால், முப்பது வயதைத் தாண்டிய படகில் எரிபொருள் ஹோஸ்களைத் தடவிப் பார்க்கும் வழக்கம் கட்டாயம் வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் இந்தக் கலப்பு டீசலைத் தொட்டியில் கிடக்க விடுவதில்லை என்பது நான் வைத்துக்கொண்டிருக்கும் விதி.

நீர் எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், படகுத்துறையில் பத்தில் ஒன்பது பேர் தொட்டிக்குள் காற்றின் ஈரம் குளிர்ந்து துளிர்ப்பதால் வருகிறது என்பார்கள். தொட்டியை எப்போதும் நிரப்பி வை என்ற அறிவுரையும் உடனே வரும். வெப்பமண்டலத்துக்கு இந்த அறிவுரை எவ்வளவு பொருந்தும் என்று ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தேன். முப்பது டிகிரியில் ஈரம் நிறைந்த காற்றின் ஒரு கன மீட்டரில் சுமார் 30 கிராம் நீர் இருக்கும். நூறு லிட்டர்த் தொட்டி முழுவதும் காலியாக இருப்பதாகவே வைத்துக்கொண்டாலும் அதற்குள் இருக்கும் நீராவி 3 கிராம்தான். பகலுக்கும் இரவுக்கும் ஐந்து டிகிரி வித்தியாசம் இருந்தால், காற்று விரிந்து சுருங்குவதில் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 1.7 லிட்டர் புதுக்காற்று உள்ளே வரும். அது கொண்டுவரும் ஈரம் 0.05 கிராம். அத்தனையும் நீராக மாறி அடியில் தங்கினாலும் ஓராண்டில் 18 கிராம், அதாவது நான்கு தேக்கரண்டிக்கும் குறைவு. தோராயக் கணக்குதான் என்றாலும், வடிகட்டியின் கண்ணாடிக் கிண்ணத்தில் பார்த்த நீரின் அளவுக்கு இது ஈடாகவில்லை.

உண்மையான வழி படகின் மேல்தளத்தில் இருந்தது. டீசல் ஊற்றும் வாயின் மூடியிலுள்ள ஓ-ரிங் என்ற ரப்பர் வளையம் வெயிலில் காய்ந்து வெடித்திருந்தது; அந்த வாய் பக்க நடைபாதையின் மிகத் தாழ்வான இடத்தில் அமைந்திருப்பதால், மழைநீர் அதன்மீது குட்டையாக நின்று கசிகிறது. செப்டம்பர், அக்டோபர் மாதங்களின் பெருமழையில் ஒரு பிற்பகலிலேயே ஒரு குவளை நீர் இறங்கிவிடும். இரண்டாவது சந்தேகம் தொட்டியின் காற்றுப்போக்கிக் குழாயின் மேல். அதன் வாய் படகின் பக்கவாட்டில் இருந்து, படகு காற்றில் சாயும்போது அலையில் நனைந்தால், உள்ளே போவது மழைநீர்கூட அன்று, உப்புநீர். சில ரிங்கிட் விலையுள்ள ஓ-ரிங்கை ஆண்டுதோறும் மாற்றிச் சிலிக்கான் கிரீஸ் தடவுவதும், காற்றுப்போக்கிக் குழாயை உள்ளே உயரமான வளைவாக எடுத்துக் கட்டுவதும், எத்தனை வடிகட்டி மாற்றினாலும் கிடைக்காத பலனைத் தருகின்றன. பழைய டீசலை மாதக்கணக்கில் சேர்த்து வைப்பதைவிட, தொட்டியைப் பாதி வைத்துக்கொண்டு அடிக்கடி புதிதாக ஊற்றுவதே இந்தக் காலநிலைக்குச் சரி என்பது என் கருத்து. தொட்டியை நிரப்பி வைப்போர் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

தொட்டியின் நிலையை அறிய ஆடம்பரக் கருவி எதுவும் தேவையில்லை. நீண்ட குழாயைத் தொட்டியின் அடிவரை விட்டுக் கைப்பம்பால் உறிஞ்சி, ஒரு கண்ணாடிச் சாடியில் பிடித்து, ஒரு நாள் அசையாமல் வைத்தால் போதும். நல்ல டீசல் தேன் நிறத்தில் பளிச்சென்று தெரியும்; கலங்கலாக இருந்தால் அதில் நீர் பரவியிருக்கிறது; இடையில் கறுப்பு நூல்போல ஏதாவது தொங்கினால் பூஞ்சை குடியேறிவிட்டது. என் தொட்டியில் அது நன்றாகவே குடியேறியிருந்தது.

கொல்லி மருந்தை ஊற்றினால் தீர்ந்துவிடும் என்று நினைப்பது இயல்பு. மருந்து பூஞ்சையைக் கொல்லும், உண்மை. செத்த படலம் எங்கே போகும்? சுவரில் ஒட்டிக்கிடந்தது உரிந்து மிதந்து, மொத்தமாக வடிகட்டிக்கு வந்து சேரும். எனவே அழுக்கடைந்த தொட்டிக்கு மருந்து முதல் வேலையாக இருக்கக் கூடாது. கழுவிய பிறகு, அது திரும்ப வராமல் தடுக்கவே பயன்பட வேண்டும். தொட்டிக்குள் அலையடிப்பைக் குறைக்கத் தடுப்புச் சுவர்கள் இருப்பதால், ஒரு பக்கத் திறப்பின் வழியாகக் கைவிட்டால் மறுபக்கத்து அறைக்குக் கை எட்டாது. பழைய படகுகள் பலவற்றில் திறப்பே வைத்திருக்க மாட்டார்கள். ஆகையால் ஒவ்வோர் அறைக்கும் ஒன்றாக, கை நுழையும் அளவுள்ள வட்டத் துளைகளை மேற்பரப்பில் வெட்டி, டீசலைத் தாங்கும் கேஸ்கெட்டுடன் மூடித்தட்டுகளைப் பொருத்தச் செய்தேன். வெட்டும்போது வாளின் பற்களில் கிரீஸ் தடவினால் அலுமினியச் சீவல்கள் அதில் ஒட்டிக்கொள்ளும்; மிச்சம் உள்ளே விழுந்ததை உறிஞ்சி எடுத்துவிடலாம். அதன்பின் நார் உதிராத துணியால் துடைப்பது, மூலைகளைச் சுரண்டுவது, மறுபடி துடைப்பது என்று அந்த வேலை நீண்டது. இயந்திர அறைக்குள் குப்புறப் படுத்து, தோள்வரை கையை விட்டு, கண்ணுக்குத் தெரியாத மூலையை விரல்நுனியால் தேடும் அந்த வேலைக்குக் கூலி கொடுத்து ஆள் பிடித்தாலும் திருப்தியாகச் செய்பவர் கிடைப்பது அரிது. அடித்தளத்தில் குழிகள் இருந்தாலும் துளைவிழும் ஆழத்துக்கு அவை போகவில்லை.

வெளியே எடுத்த டீசலை என்ன செய்வது என்பது தனிக் கேள்வி. 2024 ஜூன் 10 அன்று தீபகற்ப மலேசியாவில் மானியம் சீரமைக்கப்பட்டு, டீசல் விலை லிட்டருக்கு 2.15 ரிங்கிட்டிலிருந்து 3.35 ரிங்கிட்டுக்கு ஏறிய பிறகு, கலங்கிய டீசலையும் கொட்ட மனம் வருவதில்லை. பீப்பாய்களில் சில நாள் தெளியவிட்டு, மேல்பகுதியை மட்டும் உறிஞ்சி, 10 மைக்ரான் வடிகட்டி வழியாகத் திரும்பத் திரும்பச் சுற்றவிட்டால் அதில் பெரும்பகுதியை மீட்கலாம். துர்நாற்றம் அடித்தாலோ நிறம் கறுத்திருந்தாலோ மீட்கும் ஆசையை விட்டுவிட வேண்டும். அடிக்கசடு, மலேசியாவின் 2005ஆம் ஆண்டு கழிவு விதிமுறைகளின்படி அட்டவணைக் கழிவு, அதாவது அபாயகரமானதாகப் பட்டியலிடப்பட்ட கழிவு. அதை உரிமம் பெற்றவர்களிடம்தான் ஒப்படைக்க வேண்டும். கடலில் ஊற்றுபவர்களைப் பற்றி எழுதத் தொடங்கினால் இந்தப் பதிவு வேறு திசைக்குப் போய்விடும்.

வடிகட்டியைப் பற்றி ஒரு செய்தி. தொட்டிக்கும் இயந்திரத்துக்கும் நடுவே உள்ள ராகோர் வடிகட்டியில் 30, 10, 2 மைக்ரான் என மூன்று வகை உறைகளில், அதாவது மாற்றக்கூடிய வடிகட்டும் பாகங்களில், ஒன்றைப் போடலாம். மனிதத் தலைமுடியின் தடிமன் சுமார் 70 மைக்ரான் என்பதால், 2 மைக்ரான் எவ்வளவு நுண்ணியது என்பதை ஊகிக்கலாம். நுண்ணியதே சிறந்தது என்று அதை முதல் வடிகட்டியிலேயே போட்டால் அது விரைவில் அடைத்துக்கொள்ளும். இன்ஜெக்‌ஷன் பம்பைக் காக்கும் நுண்வடிகட்டி இயந்திரத்திலேயே இருக்கிறது. முதல் கட்டத்துக்கு 10 போதும். மேலே ஒரு வெற்றிட மானியைப் பொருத்தினால் வடிகட்டி எந்த அளவு அடைத்திருக்கிறது என்பது முன்கூட்டியே தெரியும். முள் ஏழு அங்குலப் பாதரச அளவை நெருங்கினால் உறையை மாற்றிவிடுகிறேன். இதில் ஒரு நுட்பம் உண்டு: தொட்டியிலிருந்து இயந்திரத்தின் பம்ப் வரையிலான பகுதி உறிஞ்சும் பகுதி என்பதால், அங்கே ஒரு கிளிப் தளர்ந்தால் டீசல் சொட்டாது, காற்று உள்ளே போகும். காய்ந்த தரையைப் பார்த்துக் கசிவு இல்லை என்று முடிவு செய்பவர், இயந்திரம் அடிக்கடி நின்றுபோவதற்குக் காரணம் தெரியாமல் தவிப்பார்.

உறையை மாற்றியபின் குழாயில் புகுந்த காற்றை எடுக்க வேண்டும். நுண்வடிகட்டியின் மேலுள்ள திருகைத் தளர்த்தி, பம்பின் சிறு நெம்புகோலைக் கையால் அசைத்து, குமிழி நின்று தெளிந்த டீசல் வரும்போது திருகை இறுக்க வேண்டும். அடுத்து இன்ஜெக்‌ஷன் பம்பின் திருகு. அப்போதும் பிடிக்காவிட்டால் இன்ஜெக்டர்களின் குழாய் நட்டுகள். ஸ்டார்ட்டரை நீண்ட நேரம் சுற்ற வேண்டியிருந்தால், குளிர்விக்கும் கடல்நீர் வால்வை முதலில் மூட வேண்டும். இயந்திரம் பற்றாமல் சுற்றும்போது பம்ப் கடல்நீரைத் தள்ளிக்கொண்டே இருக்கும். அதை வெளியேற்றப் புகையின் அழுத்தம் இல்லாததால் சைலன்சர் நிரம்பி, நீர் சிலிண்டருக்குள்ளேயே திரும்பிவிடக்கூடும். பற்றிய மறுகணம் வால்வைத் திறந்துவிட வேண்டும். மறந்தால், கடல்நீர்ப் பம்புக்குள் சுழலும் இறகுச் சக்கரமான ரப்பர் இம்பெல்லர் காய்ந்து சிதறும்.

சிதறிய இம்பெல்லரின் துண்டுகள் வெப்பமாற்றியின் நுழைவாயிலில் போய் மாட்டும். புதியதைப் போட்ட பிறகும் இயந்திரம் சூடேறுகிறது என்றால் பழையதன் இறகுகளை எண்ணிப் பார்க்க வேண்டும். குறைபவை உள்ளேதான் இருக்கும். ஆண்டுக்கொருமுறை இம்பெல்லர், மற்ற உலோகங்களுக்குப் பதிலாகத் தான் அரிபட்டு அவற்றைக் காக்கும் துத்தநாகத் துண்டு பாதி கரைந்தவுடன் புதியது, நூறு மணிநேர ஓட்டத்துக்கு ஒருமுறை எஞ்சின் ஆயில் என்பன நான் தவறவிடாதவை. கடல்நீர் வால்வுகளை மாதம் ஒருமுறை மூடித் திறக்காவிட்டால் அவை இறுகிப்போய், அவசரத்தில் பிடி மட்டும் கையோடு வரும். பாய்மரத்தைத் தாங்கும் துருப்பிடிக்காத கம்பிகளை அவற்றின் கீழ்நுனிப் பிடிப்புகளில் உருப்பெருக்கி வைத்துப் பார்க்கிறேன். உப்பும் ஈரமும் தேங்கும் அந்த இடுக்கில்தான் முதல் வெடிப்பு தோன்றும்.

அடுத்த வேலையாக எரிபொருள் ஹோஸ்கள் அனைத்தையும் மாற்ற இருக்கிறேன். தொட்டி சுத்தமான பிறகும் வடிகட்டிக் கிண்ணத்தில் அவ்வப்போது கறுப்புத் துகள் சேர்கிறது. அது பூஞ்சை போல வழுக்கவில்லை, விரலில் தேய்த்தால் ரப்பர் போல உருள்கிறது. பயோடீசலைத் தாங்கும் என்று அச்சிடப்பட்ட ஹோஸைத் தேடிக்கொண்டிருக்கிறேன். லங்காவியின் முக்கிய ஊரான குவாவிலுள்ள கடைகளில் இதுவரை கிடைத்தவற்றில் அந்த அச்சு இல்லை.