காகுமா: இருட்டிய பிறகும் தங்குகிறவர்கள்

வடமேற்குக் கென்யாவின் துர்க்கானா வட்டாரத்தில், தெற்குச் சூடான் எல்லையை நோக்கிச் செல்லும் நெடுஞ்சாலையின் ஓரமாகக் கிடக்கிறது காகுமா. ஊரைவிட அதை ஒட்டிய அகதிகள் முகாம்தான் பெரியது. 2016இல் தொடங்கப்பட்ட கலோபெயெய் குடியிருப்பையும் சேர்த்தால் ஏறத்தாழ 3 லட்சம் பேர் அங்கே வாழ்கிறார்கள். சுற்றிப் பார்ப்பதற்கென்று யாரும் அங்கே போவதில்லை. போக வேண்டுமென்றால் கென்ய அரசின் அகதிகள் துறையிடம் முன்கூட்டியே அனுமதி வாங்கியாக வேண்டும். விண்ணப்பத்தில் வருகையின் நோக்கத்தைக் கேட்டிருந்த இடத்தில், தம்பியைப் பார்க்க என்றே எழுதினேன்.

தம்பி என்றால் சித்தியின் மகன். பள்ளிப்படிப்பு முடிந்த கையோடு சலேசிய சபை என்னும் கத்தோலிக்கத் துறவற சபையில் சேர்ந்து, நவதுறவு என்னும் தொடக்கப் பயிற்சியை முடித்து, துறவியாக வாழ்வேன் என்று முதல் வார்த்தைப்பாடு கொடுத்த பிறகு, வெளிநாட்டு மறைப்பணிக்குத் தன்னை அனுப்பும்படி உரோமையில் இருக்கும் சபைத் தலைவருக்குக் கடிதம் எழுதியவன். சலேசியர்களிடையே அந்தக் கடிதம் இரண்டு மூன்று ஆண்டுப் பணிக்கான விண்ணப்பம் அன்று, வாழ்நாள் முழுவதற்குமானது. சித்திக்கு அது தெரியவந்தபோது அவன் விமானம் ஏறும் நாள் குறித்தாகிவிட்டது. தான்சானியாவில் கிளிமஞ்சாரோ மலையடிவாரத்தில் உள்ள மோஷி நகரில் மெய்யியல் படித்துவிட்டு, குருத்துவப் பயிற்சியின் நடுவில் வரும் களப்பணி ஆண்டுகளுக்காக இப்போது காகுமாவில் இருக்கிறான். ஊரில் சிலர் அவனை 'மதம் பரப்பப் போனவன்' என்கிறார்கள், சிலர் 'ஆப்பிரிக்காவில் சாமியாராக இருக்கிறான்' என்கிறார்கள். அவன் அங்கே காலை முதல் இரவு வரை என்னதான் செய்கிறான் என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. அதைப் பார்த்து வரத்தான் போனேன்.

நைரோபியிலிருந்து லோட்வார் வரை சிறிய விமானம். அதன் பிறகு 120 கிலோமீட்டர் தரைவழி. வழிநெடுகச் சாம்பல் நிற மண், வற்றிய ஆற்றுப் படுகைகள், கழுத்து முழுக்கப் பாசிமணி அடுக்கிய துர்க்கானாப் பெண்கள், ஆட்டு மந்தைகள். எல்லாவற்றுக்கும் இடையில் அடர்ந்து நிற்கிறது நம் சீமைக் கருவேலம். எங்கிருந்தோ கொண்டுவந்து நடப்பட்டு, பிறகு யார் கட்டுப்பாட்டுக்கும் அடங்காமல் பரவி, ஆட்டுக்குத் தீனியும் அடுப்புக்குக் கரியும் தருவதால் முழுவதும் வெறுக்கவும் முடியாமல், இராமநாதபுரத்தில் பெற்ற அதே கெட்ட பெயரோடு துர்க்கானாவிலும் வாழ்கிறது. வெயில் 40 பாகையைத் தொட்டுக்கொண்டிருந்ததால் அந்தச் சாலையில் எனக்கு ஊர் நினைவு வரப் பெரிய கற்பனை தேவைப்படவில்லை.

முகாம் 1992இல் உருவானது. சூடானின் உள்நாட்டுப் போரிலிருந்து தப்பி எத்தியோப்பியாவுக்கு நடந்து, 1991இல் அங்கே ஆட்சி கவிழ்ந்ததும் மீண்டும் துரத்தப்பட்டு, பெற்றோர் இல்லாமல் ஆயிரக்கணக்கில் கென்யாவுக்கு நடந்து வந்த சிறுவர்கள்தாம் இதன் முதல் குடிகள். சலேசியர்கள் அடுத்த ஆண்டே, 1993இல், வந்துவிட்டார்கள். பிறகு சோமாலியா, காங்கோ, எத்தியோப்பியா, புருண்டி என்று போர் நடந்த நாடுகளிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து சேர, தற்காலிகம் என்று அடித்த கூடாரங்களின் இடத்தில் மண்சுவரும் தகரக் கூரையுமாக ஒரு நகரமே எழுந்துவிட்டது. அங்கே பிறந்த பிள்ளைகளுக்குப் பிள்ளைகள் பிறந்துவிட்டார்கள். அகதிகள் அனுமதிச் சீட்டு இல்லாமல் வெளியூருக்குப் போக முடியாது என்பதால், அந்தப் பிள்ளைகளில் பலருக்குக் கென்யா என்பது இந்த முகாம் மட்டும்தான்.

துறவிகளின் வீடு முகாமுக்கு உள்ளேயே இருக்கிறது. உதவி நிறுவனங்களின் பணியாளர்கள் பெரும்பாலும் பொழுது சாய்வதற்குள் வேலியிட்ட தங்கள் வளாகங்களுக்குத் திரும்பிவிடுகிறார்கள். பாதுகாப்பு விதி அப்படி, அதில் குறை சொல்ல எனக்கு உரிமை இல்லை, நானும் ஒவ்வொரு மாலையும் ஊர்ப்பக்கத்து விடுதிக்குத் திரும்பியவள்தான். ஆனால் முகாம் மக்கள் அந்த வேறுபாட்டை நன்றாக அறிந்து வைத்திருக்கிறார்கள். காய்கறி விற்கும் காங்கோ நாட்டுப் பெண் ஒருவரிடம் தம்பி என்னை அறிமுகப்படுத்தியபோது, அவர் அவனைப் பற்றிச் சுவாகிலியில் ஏதோ சொன்னார். என்னவென்று கேட்டேன். "ராத்திரி சத்தம் கேட்டா நம்மளை மாதிரியே இவங்களுக்கும் கேக்கும்னு சொல்றாங்கக்கா" என்றான். வெவ்வேறு இனத்தவருக்கு இடையே சண்டை மூளும் இரவுகளும், துப்பாக்கிச் சத்தம் கேட்கும் இரவுகளும் அங்கே உண்டு.

அவன் நாள் ஐந்தரை மணிக்குத் தொடங்குகிறது. காலைச் செபமும் தியானமும் முடிந்து திருப்பலி. பிறகு பால் தேநீரும் ரொட்டியும். எட்டு மணிக்குத் தொழிற்பயிற்சி மையம் திறந்துவிடும். தச்சு, பற்றவைப்பு, கொத்து வேலை, குழாய் வேலை, மின்கம்பி வேலை, தையல், கணினி என்று வகுப்புகள் நடக்கின்றன. பயிற்சி தருபவர்களில் முன்பு அங்கேயே படித்த அகதிகளும் உண்டு. தம்பிக்குத் தச்சு தெரியாது. அவனுடைய பொறுப்பு வருகைப் பதிவேடு, சாவிக்கொத்து, கருவிகள். மறைப்பணியாளர் என்றதும் கையில் விவிலியத்தோடு ஒருவர் மரத்தடியில் நிற்பதாக மனத்தில் ஒரு படம் இருந்தது. அங்கே நான் கண்டது இடுப்பில் சாவிக்கொத்து குலுங்க, அழுக்கேறிய காலணியோடு, தண்ணீர்த் தொட்டியில் எத்தனை அடி மீதமிருக்கிறது என்று ஏணியில் ஏறிப் பார்க்கும் ஒருவனை.

தச்சுப் பட்டறையின் சுவரில் பெரிய பலகை ஒன்று மாட்டப்பட்டிருக்கிறது. சுத்தியல், இழைப்புளி, மூலைமட்டம், பல அளவு உளிகள் என ஒவ்வொரு கருவியின் வெளிக்கோடும் அதில் கறுப்பு வண்ணத்தால் வரையப்பட்டு, அதன்மேல் ஆணியடித்துக் கருவி தொங்கவிடப்பட்டிருக்கும். மாலையில் எல்லாம் திரும்பிவிட்டதா என்று எண்ண வேண்டியதில்லை, பலகையைப் பார்த்தாலே போதும். நான் போயிருந்த ஒரு நாள் அரையங்குல உளியின் இடம் மட்டும் வெறும் கறுப்புக் கோடாக இருந்தது. தம்பி குரலை உயர்த்தவில்லை, யாருடைய பையையும் திறக்கச் சொல்லவில்லை. துடைப்பத்தை எடுத்து இழைசுருள்களைக் கூட்டத் தொடங்கினான். ஒருவர் பின் ஒருவராக மாணவர்களும் சேர்ந்து கூட்ட, பட்டறை முழுவதும் துப்புரவாகி, கடைசி மேசைக்கு அடியில் குவிந்திருந்த சுருள்களுக்குள்ளிருந்து உளி கிடைத்தது. தானாக அங்கே விழுந்ததா, யாராவது போட்டார்களா என்று அவன் கேட்கவே இல்லை. கேட்டிருக்க வேண்டும் என்பது என் கருத்து. வெளியே வந்ததும் சொன்னேன். "கேட்டா ஒருத்தன் பொய் சொல்லணும்கா. அவனுக்கு எதுக்கு அந்தக் கஷ்டம்?" என்றான். சபையை நிறுவிய தொன் போஸ்கோ, தண்டித்துத் திருத்துவதைவிடத் தவறு நேராதபடி கூடவே இருப்பது மேல் என்றும், அறிவு, சமயம், அன்பு ஆகிய மூன்றும்தான் அதற்கு அடிப்படை என்றும் வகுத்துவைத்த கல்விமுறையை நான் பிற்பாடு படித்துத் தெரிந்துகொண்டேன். அவனுக்கு அது பாடமாக இல்லை, பழக்கமாக வந்துவிட்டிருந்தது.

நான்கு மணிக்குப் பட்டறையைப் பூட்டிவிட்டால் மைதானம். சலேசியர்களுக்குக் கோயிலும் பள்ளியும் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு முக்கியம் விளையாட்டு மைதானம் என்பதைத் தமிழ்நாட்டில் தொன் போஸ்கோ பள்ளிகளில் படித்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. புழுதி கிளம்பும் அந்த வெளியில் இருநூறு முந்நூறு பிள்ளைகள் ஒரே நேரத்தில் ஆடுகிறார்கள். காகுமாவில் கால்பந்தும் ஓட்டமும் பொழுதுபோக்கோடு நிற்பதில்லை. 2016 ரியோ ஒலிம்பிக்கில் அகதிகள் அணியில் இடம்பெற்ற 10 பேரில் 5 ஓட்டக்காரர்கள் இந்த முகாமிலிருந்து போனவர்கள். ஆஸ்திரேலிய அணிக்காக ஆடும் அவேர் மாபில் பிறந்தது இங்கேதான். அந்தப் பெயரைச் சொல்லாத சிறுவன் ஒருவனும் என்னிடம் பேசவில்லை. தம்பி கோல்கீப்பர். ஊரில் கிரிக்கெட் தவிர வேறொன்றும் தொடாதவன், இங்கே பந்தைப் பிடிப்பதைவிட நழுவ விடுவதே அதிகம். அவன் நழுவவிட்டால் இரண்டு அணியும் சேர்ந்து சிரிக்கிறது.

மதம் பரப்பும் பேச்சுக்கு வருகிறேன். மாணவர்களில் சோமாலிய முசுலிம்களும் இருக்கிறார்கள். நண்பகலில் அவர்களில் சிலர் கேனில் தண்ணீர் கொண்டுவந்து கைகால் கழுவிக்கொண்டு பட்டறை நிழலில் தொழுதுவிட்டு மீண்டும் இரம்பத்தை எடுக்கிறார்கள். மற்றவர்களில் பெரும்பகுதியினர் இவன் பிறப்பதற்கு முன்பே கிறித்தவக் குடும்பங்களாக இருந்தவர்கள். தெற்குச் சூடானியரும் காங்கோ மக்களும் தங்கள் விசுவாசத்தைத் தோளில் சுமந்துகொண்டே எல்லை தாண்டியிருக்கிறார்கள். ஞாயிற்றுக்கிழமை திருச்சிலுவைப் பங்குக் கோயிலின் பெரிய திருப்பலியில் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக நின்றேன். சுவாகிலியிலும் டிங்கா மொழியிலும் பாட்டு, பெரிய முரசு, ஒரே நிறத் துணியைக் குறுக்கே கட்டிய பெண்கள் கூட்டம் கூட்டமாக ஆடியபடி பீடத்தை நோக்கி வந்தார்கள். காணிக்கை நேரத்தில் ஒரு மூதாட்டி சிறு பொட்டலத்தில் மக்காச்சோளம் கொண்டுவந்து வைத்தார். உலக உணவுத் திட்டம் நிதிப் பற்றாக்குறையால் பங்கீட்டைக் குறைத்துவிட்டது என்று முகாமே பேசிக்கொண்டிருந்த காலம் அது. அவர் கையிலிருந்தது பங்கீட்டு மக்காச்சோளம் என்பதால் எனக்கு அதை எடுக்க வேண்டாம் என்று சொல்லத் தோன்றியது. தம்பி இரு கைகளாலும் வாங்கித் தலை குனிந்தான். வேண்டாம் என்று மறுப்பதற்கு நாம் யார் என்று அவன் நினைத்திருக்கலாம். அந்தக் கேள்வியை நான் கேட்கவில்லை.

மாலை மைதான மணி அடித்ததும் கோயிலைச் சுற்றி நடந்தபடி செபமாலை. அப்போதுதான் அவனிடம் சற்று நிதானமாகப் பேச வாய்த்தது. பிரியாவிடை, வெள்ளை அங்கி, சிலுவை அணிவித்தல் எல்லாம் நினைக்க நன்றாக இருக்கும், அதற்குப் பின் வரும் சாதாரணச் செவ்வாய்க்கிழமைகளை எப்படிக் கடக்கிறாய் என்று கேட்டேன். "சில நாள் செபமே வராதுக்கா. மலேரியா வந்து படுத்திருந்தப்ப கடவுள் இருக்காரான்னுகூட யோசிச்சேன். அப்போ திருப்பாடலை வாய்விட்டுப் படிப்பேன், அவ்வளவுதான். நான் நம்பலைன்னாலும் நாக்கு நம்பட்டும்னு" என்றான். வீட்டில் பொது வழிபாடு ஆங்கிலத்தில் நடக்கிறது. ஆனால் படுக்கப்போகுமுன் தனியாகச் சொல்ல அவனிடம் ஒரு தமிழ்ச் செபநூல் இருக்கிறது. இரவின் திகிலுக்கும் பகலில் பாயும் அம்புக்கும் அஞ்சாதே என்னும், விவிலியத்தின் 91ஆம் திருப்பாடல் உள்ள பக்கம் கைபட்டுப் பழுப்பேறியிருந்தது. அவன் கொடுத்திருப்பது இன்னும் நிரந்தர வார்த்தைப்பாடு அன்று. குறித்த காலம் முடிந்ததும் புதுப்பிக்க வேண்டும். அதாவது, பழி எதுவும் வராமல் வீடு திரும்பும் கதவு அவனுக்குத் திறந்தே இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்டே ஒவ்வொரு முறையும் கையெழுத்திடுவதுதான், சித்தி பெருமையோடு காட்டும் புகைப்படங்கள் எதிலும் பதியாத பகுதி.

அவன் தன்னைத் தியாகி என்று நினைத்துக்கொள்ளவில்லை என்பதும் எனக்கு ஆறுதல். கடல் கடந்து போவது சலேசியர்களிடையே பழைய வழக்கம். 1875 நவம்பரில் முதல் குழு இத்தாலியிலிருந்து அர்ஜென்டினாவுக்குப் புறப்பட்டது. 1906 சனவரியில் இன்னொரு சிறு குழு தஞ்சாவூருக்கு வந்து அனாதைப் பிள்ளைகளைப் பராமரிக்கும் இல்லத்தை ஏற்றது. "அவங்களும் வெயில், பாஷை, சாப்பாடு எல்லாத்துலயும் திண்டாடித்தான் இருப்பாங்க. அவங்க ஒருத்தரும் நம்ம ஊருக்கு வரலைன்னா நான் இங்க வந்திருக்க மாட்டேன்" என்று கணக்கு முடிப்பவனைப்போல் சொன்னான்.

சாப்பாட்டைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. மக்காச்சோள மாவில் கிளறிய உகாலி, கீரை, பீன்ஸ், எப்போதாவது ஆட்டிறைச்சி. சித்தி கொடுத்தனுப்பிய பருப்புப் பொடியையும் எலுமிச்சை ஊறுகாயையும் அன்றிரவே பொது மேசையில் வைத்துவிட்டான். துறவு இல்லத்தில் தனிச்சொத்து கிடையாதாம். வியட்நாம் நாட்டுச் சகோதரர் ஒருவர் உகாலிக்கு ஊறுகாயைத் தொட்டுக்கொண்டு கண்ணில் நீர் வரச் சாப்பிட்டார் என்று மறுநாள் சிரித்துக்கொண்டே சொன்னான். அவனுக்கு எவ்வளவு கிடைத்தது என்று கேட்டதற்குப் பேச்சை மாற்றினான். சித்தியிடம் இதை எப்படிச் சொல்வது என்பது எனக்கு முதல் சிக்கல்.

இரண்டாவது அதைவிடப் பெரியது. களப்பணி ஆண்டுகள் முடிந்ததும் இறையியல் படிக்க நைரோபிக்குப் போக வேண்டும். குருப்பட்டம் பெற்ற பிறகு எந்த இல்லத்துக்கு அனுப்புவார்கள் என்பது அந்தப் பகுதிக்கான சபை மாநிலத் தலைவர் கையில் இருக்கிறது. விருப்பம் கேட்டபோது இவன் மீண்டும் காகுமாவையே எழுதிக் கொடுத்திருக்கிறான். வீட்டில் எல்லோரும், படிப்பு முடிந்தால் நைரோபி போன்ற ஒரு நகரத்தில், விமான நிலையம் பக்கத்தில் இருக்கும் இடமாகப் பார்த்துப் போடுவார்கள் என்று நம்பிக்கொண்டிருக்கிறார்கள். விடைபெறும்போது, "நீங்களே அம்மாகிட்ட சொல்லிடுங்கக்கா, நான் போன்ல சொன்னா அழுவாங்க" என்றான். நேரில் சொன்னாலும் அழத்தான் போகிறார். இந்தக் கட்டுரையை யாராவது அவருக்குப் படித்துக் காட்டுவதற்குள் நான் ஒருநடை ஊருக்குப் போய்வந்துவிட வேண்டும்.