ஜிபிஎஸ் கடிகாரம்: பைட் எங்கே தொலைகிறது?

பிப்ரவரி 3
60 எல்ஈடி வளையம், ஒரு ஜிபிஎஸ் மாட்யூல், 16 மெகாஹெர்ட்ஸில் ஓடும் ஏடிமெகா328பி என்ற மைக்ரோகன்ட்ரோலர் சிப். விநாடி முள் ஒரு புள்ளியாக வளையத்தில் சுற்ற வேண்டும், பின்னால் வால் மங்கிக்கொண்டே வர வேண்டும். சுற்றுகிறது, அழகாகவே இருக்கிறது. ஆனால் ஜிபிஎஸ் அனுப்பும் வரிகளில் பல, செக்சம் (வரி பழுதில்லாமல் வந்ததா என்று சரிபார்க்கும் எண்) தேறாமல் போகின்றன. வளையத்தின் ஒயரைக் கழற்றினாலும் அதே கதைதான். வளையத்துக்கு எழுதும் வரியை நிரலிலிருந்து எடுத்தால்தான் எல்லாம் சரியாகிறது. ஆக, மின்சாரத்தில் கோளாறு இல்லை, நேரத்தில்தான்.

பிப்ரவரி 4
பாட் ரேட்டை, அதாவது விநாடிக்கு எத்தனை பிட் என்ற வேகத்தை, முதலில் பார்த்தேன். மாட்யூல் 38400-ல் பேசுகிறது. 16 மெகாஹெர்ட்ஸில் 38400-க்குப் பிழை 0.2 சதவீதம்தான். அதை விட்டுவிடலாம்.

பிப்ரவரி 6
உடன் வேலை செய்யும் தம்பி கேட்டார்: "அண்ணா, ரிங் பஃபர் 64 தானே? 256 ஆக்கிட்டா போதாதா?" ரிங் பஃபர் என்பது, வந்த பைட்டை மெயின் லூப் படிக்கும்வரை ராமில் வைத்திருக்கும் இடம். எல்லோருக்கும் முதலில் தோன்றுவது இதுதான். 2048 பைட் ராமில் இடமும் இருக்கிறது. ஆனால் பைட் தொலையக்கூடிய இடங்கள் இரண்டு. ரிங் பஃபர் நிரம்பித் தொலையலாம். இன்டரப்ட் (ஓடும் வேலையை நிறுத்திவிட்டு, வந்த பைட்டை எடுக்கச் சொல்லும் அழைப்பு) வர வழியில்லாமல், ரிங் பஃபருக்கு வந்து சேரும் முன்பே சிப்புக்குள் தொலையலாம். இரண்டாவதற்குப் பஃபரை எவ்வளவு பெரிதாக்கினாலும் பயனில்லை. எது என்று தெரியாமல் எண்ணை மாற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை.

அதனால் இன்டரப்ட் ரொட்டீனில் இரண்டு கவுன்ட்டர் வைத்தோம். ரிங் பஃபரில் இடமில்லை என்றால் ஒன்று ஏறும். சிப்புக்குள் பைட்டைப் பெறும் பகுதியான யூசார்ட்டின் ஓவர்ரன் கொடி, அதாவது எடுக்கும் முன்பே பைட் தொலைந்தது என்ற அடையாளம், எழுந்திருந்தால் மற்றது ஏறும். கொடி உள்ள ரிஜிஸ்டரை (சிப்புக்குள் இருக்கும் சிறு நினைவிடம்) முதலில் படித்துவிட்டு, அப்புறம்தான் டேட்டா ரிஜிஸ்டரைத் தொட வேண்டும். வரிசை மாறினால் கொடி கண்ணில் படாது. கவுன்ட்டர் இரண்டும் ஒரு பைட், வோலடைல் (ஒவ்வொரு முறையும் ராமிலிருந்தே படிக்கும்படி கம்பைலருக்குச் சொல்வது). ஒரு பைட் என்பதால் மெயின் லூப் அவற்றைப் பாதியில் படித்துவிடும் பயம் இல்லை.

மாலைக்குள் விடை கிடைத்தது. ரிங் பஃபர் கவுன்ட்டர் பூஜ்யத்திலேயே நிற்கிறது, ஓவர்ரன் மட்டும் ஏறிக்கொண்டே போகிறது.

பிப்ரவரி 7
கணக்கு இதுதான். இந்த வகை எல்ஈடி ஒன்றுக்கு 24 பிட், பிட்டுக்கு 1.25 மைக்ரோசெகண்ட். 60 எல்ஈடிக்கு 1.8 மில்லிசெகண்ட். நேரம் துல்லியமாக இருக்க வேண்டும் என்பதால் அவ்வளவு நேரமும் லைப்ரரி இன்டரப்ட்டை அணைத்தே வைக்கிறது. 38400-ல் ஒரு பைட் வர 260 மைக்ரோசெகண்ட். அதாவது, ஒருமுறை வரைந்து முடிப்பதற்குள் ஏறக்குறைய ஏழு பைட் வந்துவிடும். சிப் தாங்குவதோ மூன்று: ஃபிஃபோவில் (வந்த பைட் வரிசையாகக் காத்திருக்கும் இடம்) இரண்டு, ஷிப்ட் ரிஜிஸ்டரில் (பிட் பிட்டாக வந்து பைட் சேரும் இடம்) ஒன்று.

பிடித்து வைத்த ஒரு வரியில் இது அப்படியே தெரிகிறது. வந்திருக்க வேண்டியது 061427.00, அதாவது 06:14:27 என்ற நேரம். கிடைத்தது 06.00. முதலில் வந்த 0, 6 இரண்டும் ஃபிஃபோவில் பத்திரம். கடைசியாக வந்த புள்ளி ஷிப்ட் ரிஜிஸ்டரில் தப்பியது. இடையில் 1427 போயே போய்விட்டது. நான்கு பைட் போனதற்குக் கொடி எழுந்தது ஒரே முறை. ஓவர்ரன் எண்ணிக்கையைத் தொலைந்த பைட்டின் எண்ணிக்கையாக எடுத்துக்கொள்ளக்கூடாது.

9600-க்கு இறக்கினால் பைட்டுக்கு 1.04 மில்லிசெகண்ட், சிப்பே தாங்கிக்கொள்ளும். ஆனால் நாளை யாராவது 150 எல்ஈடி மாட்டினால் 4.5 மில்லிசெகண்ட் ஆகும், மறுபடி ஓவர்ரன். அந்த வழி வேண்டாம்.

பிப்ரவரி 9
லாஜிக் அனலைசரில் (ஒயரில் போகும் சிக்னலைக் காட்டும் கருவி) பார்த்தால், ஜிபிஎஸ் விநாடிக்கு ஒருமுறை சுமார் 500 பைட்டைக் கொட்டிவிட்டு அமைதியாகிவிடுகிறது. கொட்டுவதற்கு ஆவது 130 மில்லிசெகண்ட், மிச்சமெல்லாம் நமக்கு. பிபிஎஸ் பல்ஸ் (ஒவ்வொரு விநாடி தொடங்கும்போதும் மாட்யூல் தரும் துடிப்பு) வந்ததும், கையில் உள்ள நேரத்தோடு ஒரு விநாடி கூட்டி உடனே ஒருமுறை வரைகிறோம். பிறகு வரிகள் வந்து முடியும்வரை வளையத்தைத் தொடுவதில்லை. 20 மில்லிசெகண்ட் எந்தப் பைட்டும் வராவிட்டால் வால் மங்கும் வேலை தொடங்கும், அடுத்த பல்ஸ் வரை.

விநாடி மாறுவது முன்பைவிடத் துல்லியம். இதை நான் எதிர்பார்க்கவே இல்லை, மனசு நிறைந்துவிட்டது.

பிப்ரவரி 10
இரவு முழுக்க ஓடியது. இரண்டு கவுன்ட்டரும் பூஜ்யம். மீதி இருப்பது ஒன்று: செயற்கைக்கோள் பிடிபடும்வரை இந்த மாட்யூலில் பிபிஎஸ் வராது. அதுவரை 20 மில்லிசெகண்ட் அமைதியை மட்டுமே நம்பி வரையும்படி எழுதிவிட்டேன். அடுத்த வரிசை தொடங்கும் கணத்தில் ஓர் ஓவர்ரன் வரலாம், வந்தால் அந்த வரியைச் செக்சம் தள்ளிவிடும்.