ஐந்நூறு டாலர் மடக்குக் கத்தியில் பணம் எங்கே போகிறது?

அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், பாய்ஸி நகரில் தயாராகும் செபென்ஸா என்ற மடக்குக் கத்தியின் விலை இன்று 500 டாலரை ஒட்டி நிற்கிறது. பிரான்சின் சவோய் மலைப்பகுதியில் 1890இல் ஜோசப் ஓப்பினெல் உருவாக்கிய கத்தியின் வழிவந்த எட்டாம் எண் ஓப்பினெல், அதே அமெரிக்கச் சந்தையில் ஏறத்தாழ 20 டாலருக்குக் கிடைக்கிறது. இரண்டின் அலகும் ஒன்பது சென்டிமீட்டரை ஒட்டிய நீளம் கொண்டவை. இரண்டும் மடங்கும், திறந்த நிலையில் பூட்டிக்கொள்ளும், கால்சட்டைப் பையில் அடங்கும். ஒன்றின் விலைக்கு மற்றதை இருபத்தைந்து வாங்கலாம் என்கிறபோது, அவ்வளவு விலை கொடுப்பது தகுமா என்று கேட்பவர்களுக்கு ஒரே வரியில் விடை சொல்ல முடியாது. ஆனால் அந்தப் பணம் கத்தியின் எந்தப் பகுதிக்குப் போகிறது என்பதை மட்டும் உறுதியாகச் சொல்லலாம். அது பெரும்பாலும் அலகின் கூருக்குப் போவதில்லை; அலகு மடங்குகிற மூட்டுக்குத்தான் போகிறது. இதைப் புரிந்துகொண்டு வாங்குபவர் ஏமாறுவதில்லை என்பது என் கருத்து.

ஓப்பினெல் என்னிடம் பல ஆண்டுகளாக இருக்கிறது. செபென்ஸா என்னுடையதன்று, அமெரிக்காவில் வசிக்கும் மைத்துனர் விடுமுறைக்கு வந்திருந்த நாட்களில் அதை என் கையில் கொடுத்துவிட்டார். தேங்காய் நாரில் திரித்த கயிறு, அட்டைப் பெட்டி, மாம்பழம், சாக்குப்பை என்று வீட்டில் வெட்ட வேண்டியவற்றையெல்லாம் இரண்டாலும் மாறிமாறி வெட்டிப் பார்த்தேன்.

முதலில் வெட்டுவதைப் பற்றிச் சொல்கிறேன். மாம்பழத்தைக் கதுப்புக் கதுப்பாக அறுப்பதிலும் பச்சைக் காரட்டை வில்லைகளாக நறுக்குவதிலும் ஓப்பினெல் தெளிவாக மேலானது. இதில் வியப்பதற்கு எதுவுமில்லை. ஓப்பினெல் அலகின் முதுகு இரண்டு மில்லிமீட்டர் கனத்தைக்கூட எட்டுவதில்லை. செபென்ஸாவின் முதுகு மூன்று மில்லிமீட்டருக்கு மேல். விளிம்பு எவ்வளவு கூராக இருந்தாலும், அதன் பின்னால் வரும் கனமான உலோகம் காரட்டை அறுப்பதற்குப் பதிலாகப் பிளந்து விடுகிறது. கயிற்றிலும் அட்டையிலும் இந்த வேறுபாடு குறைந்துபோகிறது. ஆகவே பழம் நறுக்கவும் ரொட்டி அறுக்கவும் கத்தி தேடுகிற ஒருவர், விலையேற ஏற பெரும்பாலும் தமக்கு ஏற்றதிலிருந்து விலகித்தான் போகிறார். விலை உயர்ந்த மடக்குக் கத்திகள் பலவும் முரட்டு வேலைக்கும் ஈடுகொடுக்க வேண்டும் என்ற எண்ணத்தில் கனமான அலகோடு வருகின்றன.

அடுத்தது எஃகு. விலை உயர்ந்த கத்திகளின் விளம்பரங்களில் முதலில் கண்ணில் படுவது இதுதான். அமெரிக்காவின் க்ரூசிபிள் நிறுவனத்தில் டிக் பார்பர் என்ற உலோகவியலாளர், செபென்ஸாவை உருவாக்கிய கிறிஸ் ரீவ் முதலிய கத்தி செய்வோரோடு கலந்து 2001இல் கொண்டுவந்த சிபிஎம் எஸ்30வி என்ற எஃகு இந்தத் துறையில் ஒரு திருப்பம். அதில் 1.45 விழுக்காடு கார்பனும் 14 விழுக்காடு குரோமியமும் 4 விழுக்காடு வனேடியமும் உண்டு. இவ்வளவு கார்பனையும் வனேடியத்தையும் சேர்த்து வழக்கம்போல் வார்த்தால், உள்ளே உருவாகும் கடினமான கார்பைடு மணிகள் பெரிதாகித் திரண்டு, எஃகை எளிதில் உடையச் செய்துவிடும். எனவே உருகிய எஃகை நைட்ரஜன் வாயுவின் வீச்சால் நுண்துகளாகச் சிதறடித்து, அந்தத் துகள்களை மிகுந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் இறுக்கிக் கட்டியாக்குகிறார்கள். மணிகள் சிறிதாகவும் சீராகவும் பரவி நிற்பதால், துருவுக்கு அஞ்சாமல் நீண்ட நாள் கூர் தாங்கும் அலகு கிடைக்கிறது. 2021இல் லாரின் தாமஸ் என்ற உலோகவியலாளர் வடிவமைத்து வெளிவந்த மேக்னாகட் என்ற எஃகு, இதே வழியில் இன்னும் ஒரு படி முன்னே சென்று, கூர் தாங்கும் திறனோடு உடையாத உறுதியையும் சேர்த்துத் தருகிறது. இப்போதைய செபென்ஸாக்கள் அந்த எஃகில்தான் வருகின்றன.

இவை மெய்யான முன்னேற்றங்கள். விளம்பரப் பேச்சு என்று ஒதுக்கிவிட முடியாது. எனினும் எஃகின் பெயரை மட்டும் பார்த்து விலையை மதிப்பிடுவது தவறான வழி. கூர் எத்தனை நாள் நிற்கும் என்பதை எஃகின் கலவையைப் போலவே அதைச் சூடாக்கிக் குளிரவைத்துக் கொடுத்த பதமும், தீட்டிய கோணமும் தீர்மானிக்கின்றன. மேலே சொன்ன லாரின் தாமஸே தம் சோதனைகளின் வழியே மீண்டும் மீண்டும் வலியுறுத்துவது, விளிம்பின் கோணத்தைக் குறுக்கினால் கூர் நிற்கும் நேரம் கணிசமாகக் கூடுகிறது என்பதைத்தான். 1964இல் வந்து இன்றும் விற்கிற பக் 110 என்ற அமெரிக்க மடக்குக் கத்தியில் 420எச்சி என்ற எளிய, விலை குறைந்த எஃகுதான் இருக்கிறது. ஆனால் பால் பாஸ் என்பவர் அந்நிறுவனத்துக்காக வகுத்த பதமிடும் முறையால் அது தன் தகுதிக்கு மேலாகவே உழைக்கிறது. மறுபுறத்தில், செபென்ஸாவின் அலகைப் பல ஆண்டுகள், கடினத்தை அளக்கும் ராக்வெல் அளவில் அறுபதை ஒட்டியே பதமிட்டு வந்தார்கள். அந்த எஃகு இன்னும் கடினமாகப் பதமிடத் தகுந்தது என்ற குறை கத்தி ஆர்வலர்களிடையே நெடுங்காலம் இருந்தது. மேக்னாகட்டுக்கு மாறிய பிறகுதான் கடினம் அறுபதைத் தெளிவாகத் தாண்டியது.

நம் ஊரில் இருப்பவர்கள் இந்த இடத்தில் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். கூர் மழுங்கினால் நாம் தெருவில் வரும் சாணை பிடிப்பவரைத்தான் கூப்பிடுவோம். அரிவாள்மனைக்கும் சமையலறைக் கத்திக்கும் அவர் சக்கரம் பொருத்தமானது. அந்த எளிய எஃகில் ஐந்து நிமிடத்தில் நல்ல கூர் ஏற்றித் தருவார். விலை உயர்ந்த மடக்குக் கத்தியை மட்டும் அந்தச் சக்கரத்தில் வைக்கக் கூடாது. தண்ணீரில்லாமல் சுழலும் சக்கரத்தில் தீப்பொறி பறக்கும்போது, மெல்லிய விளிம்பு பதமிட்ட வெப்பத்தைத் தாண்டிச் சூடேறிவிடக்கூடும். அப்படி ஆனால், எந்தப் பதத்துக்காகக் கூடுதல் விலை கொடுத்தோமோ அது விளிம்பிலேயே போய்விடும். வீட்டில் வைத்திருக்கும் வழக்கமான சாணைக்கல்லும் இங்கே திணறும். அத்தகைய கற்களில் பெரும்பாலும் இருப்பது அலுமினியம் ஆக்சைடு. எஃகில் இருக்கும் வனேடியம் கார்பைடு அதைவிடக் கடினமானது. தேய்த்தால் தேயத்தான் செய்யும், ஆனால் வேலை மெதுவாகிறது, விளிம்பும் அத்தனை நேர்த்தியாக அமைவதில்லை. வைரத்தூள் பதித்த தகடு வேண்டும். அதைப் பிடிக்கிற கைப்பழக்கமும் வேண்டும். கத்தியின் விலையோடு இந்தச் செலவையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். தீட்டத் தெரியாதவர் கையில் இருக்கும் எஸ்30வி கத்தி, ஓராண்டு கழித்து, தீட்டத் தெரிந்தவர் கையில் இருக்கும் ஓப்பினெலுக்கு முன் நிற்க முடியாது.

இனி மூட்டுக்கு வருவோம். செபென்ஸாவைப் பற்றி எனக்கு உண்மையான மதிப்பு பிறந்தது இங்கேதான். தென்னாப்பிரிக்காவில் பிறந்து, உலோகத்தை வடிவமைக்கும் அச்சுக் கருவிகள் செய்யும் தொழிலில் பயின்று, 1989இல் பாய்ஸிக்குக் குடிபெயர்ந்தவர் கிறிஸ் ரீவ். அவருக்கு முன்பு மைக்கேல் வாக்கர் என்ற அமெரிக்கர், கைப்பிடிக்குள் ஒரு மெல்லிய தகட்டை வில்லாக அமைத்து, அலகு திறந்தவுடன் அது பின்னால் வந்து தாங்கிக்கொள்ளும் பூட்டைச் செம்மைப்படுத்தியிருந்தார். ரீவ் அந்தத் தனித் தகட்டையே நீக்கிவிட்டார். டைட்டானியத்தாலான கைப்பிடியின் ஒரு பக்கத்திலேயே நீளவாக்கில் வெட்டுப் போட்டு, கைப்பிடியின் ஒரு பகுதியே பூட்டாகும்படி செய்தார். கத்தியை எவ்வளவு இறுக்கிப் பிடிக்கிறோமோ, அவ்வளவுக்கு நம் விரல்களே பூட்டை அதன் இடத்தில் அழுத்தி வைக்கின்றன. 1987இல் அறிமுகமான இந்த அமைப்பை இன்று உலகெங்கும் எத்தனையோ நிறுவனங்கள் பின்பற்றுகின்றன.

அச்சாணியில் செய்திருக்கும் வேலை இதைவிட நுட்பமானது. வழக்கமான மடக்குக் கத்தியில் அச்சாணித் திருகைச் சற்று அதிகமாக இறுக்கினால் அலகு சிக்கிக்கொள்ளும். சற்றுத் தளர்த்தினால் பக்கவாட்டில் ஆடும். இரண்டுக்கும் நடுவே ஒரு நிலையைக் கண்டுபிடித்து நிறுத்தினாலும், பயன்படுத்தப் பயன்படுத்தத் திருகு தானாகக் கழன்று வரும். செபென்ஸாவில் அச்சாணியைச் சுற்றி ஒரு குழல் இருக்கிறது. அலகின் கனத்தையும் அதன் இருபுறமும் இருக்கும் பாஸ்பர் வெண்கல வளையங்களின் கனத்தையும் சேர்த்தால் வரும் அளவைவிட அந்தக் குழல் மயிரிழையளவே நீளமானது. திருகை முழு வலுவோடு இறுக்கலாம். அது குழலின் மேல் போய் நிற்குமே தவிர அலகை நெரிக்காது. அலகும் ஆடாது. இது நடக்க வேண்டுமானால் ஒவ்வொரு பாகமும் மிகத் துல்லியமான அளவில் வந்தாக வேண்டும். அந்தத் துல்லியத்துக்கான எந்திர நேரமும், அமெரிக்கத் தொழிலாளியின் கூலியும், கடைசியில் ஒவ்வொரு கத்தியையும் கையால் சரிபார்த்துச் சேர்க்கும் உழைப்பும்தான் விலையில் பெரும்பங்கு. உரிமையாளரே கத்தியை முழுவதும் பிரித்து, துடைத்து, மசகு இட்டு மறுபடியும் பூட்டலாம். மைத்துனரின் கத்தியைப் பிரித்துப் பூட்டிய பிறகும் அலகு முன்போலவே கைப்பிடியின் நட்டநடுவில் வந்து நின்றதைப் பார்த்தபோது, இப்படி ஒரு பொருளைச் செய்தவர்கள் மேல் எனக்கு மிகுந்த மரியாதை ஏற்பட்டது.

ஓப்பினெலின் மூட்டு இதற்கு நேர் எதிரானது. மரக் கைப்பிடியில் பிளவு, அதற்குக் குறுக்கே ஓர் ஆணி, மேலே 1955 முதல் சேர்க்கப்பட்ட ஒரு சுழலும் எஃகு வளையம். வளையத்தைத் திருப்பினால் அலகு பூட்டிக்கொள்ளும். எளிமையும் அறிவும் ஒருங்கே அமைந்த வடிவமைப்பு அது. ஆனால் பீச் மரம் ஈரத்தை உறிஞ்சி உப்பும். ஐப்பசி, கார்த்திகை மழையில் என் கத்தியின் அலகு கைப்பிடிக்குள் இறுகிக்கொண்டு நகத்துக்கு வர மறுக்கும். சவோய் நாட்டார் இதற்குக் கைப்பிடியின் அடியை ஒரு கெட்டியான பரப்பில் தட்டி அலகை வெளியே துள்ளச் செய்வார்கள். நானும் அப்படித்தான் செய்கிறேன். கடலோரத்தில் வாழ்பவர்கள் கார்பன் எஃகு அலகைத் தவிர்த்து, துருப்பிடிக்காத அலகு உள்ளதையே வாங்க வேண்டும். மாங்காயும் எலுமிச்சையும் கார்பன் அலகை ஒரே நாளில் கறுக்கச் செய்துவிடும்.

இந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவே ஒரு பெரிய சந்தை இருக்கிறது. சால் கிளெஸ்ஸர் தொடங்கிய ஸ்பைடர்கோ நிறுவனம் 1981இலேயே அலகில் ஒரு வட்டத் துளையை இட்டு ஒரே கையால் திறக்கும் வழியைக் காட்டியது. அந்நிறுவனத்துக்காக ஜப்பானின் செக்கி நகரில் தயாராகும் டெலிகா என்ற மடக்குக் கத்தி, நூறு டாலரை ஒட்டிய விலையில், நல்ல எஃகும் மெல்லிய அலகும் நம்பகமான பூட்டும் தருகிறது. சீனாவின் யாங்ஜியாங் நகரிலிருந்து வரும் சிவிவி போன்ற பெயர்களில் விற்கும் கத்திகள் அதைவிடக் குறைந்த விலையில், சில ஆண்டுகளுக்கு முன் எண்ணிப் பார்க்க முடியாத அளவுக்குச் சீரான மூட்டோடு வருகின்றன. துல்லியம் என்பது 500 டாலர்க் கத்திக்கு மட்டுமே உரியது என்ற நிலை மாறிவிட்டது. நூறு டாலர் வரை ஏறும் ஒவ்வொரு படியிலும் பயன் கூடுகிறது. அதற்கு மேலே ஏறுவது, நேர்த்தியை அதற்காகவே விரும்புபவர்களுக்கு மட்டும் பொருள் தருவது. அப்படி விரும்புவது தவறன்று. கைப்பிடியில் பதிக்கும் அரிய மரம், அலகில் அலை அலையாகத் தெரியும் டமாஸ்கஸ் எஃகின் வரி, குறைந்த எண்ணிக்கையில் மட்டும் வெளியிடும் சிறப்புப் பதிப்பு ஆகியவற்றுக்குக் கொடுக்கும் கூடுதல் பணத்தைக் கத்தியின் விலை என்றே நான் கருதுவதில்லை.

பிரிட்டனில் வாழும் தமிழர்களுக்கு மட்டும் ஒரு சொல். அங்கே தக்க காரணமில்லாமல் பொது இடத்தில் வைத்திருக்க அனுமதி உள்ளவை, பூட்டாத, மூன்று அங்குலத்துக்கு மேற்படாத வெட்டுவிளிம்பு கொண்ட மடக்குக் கத்திகள் மட்டுமே. செபென்ஸாவின் விலையில் பெரும்பங்கு எந்தப் பூட்டுக்காகக் கொடுக்கப்படுகிறதோ, அந்தப் பூட்டுத்தான் அங்கே சட்டச் சிக்கல். ஓப்பினெல் எட்டுக்கும் அதே நிலைதான். பூட்டில்லாத சிறிய விக்டோரினாக்ஸ் கத்தியே அவர்களுக்குப் பொருந்தும்.

முதன்முதலாக வாங்குபவருக்கு என் பரிந்துரை, துருப்பிடிக்காத அலகுள்ள எட்டாம் எண் ஓப்பினெலும், அதோடு இருபுறமும் பயன்படும் ஒரு வைரத் தகடும். நாள்தோறும் ஒரு கையால் திறந்து மூட வேண்டிய வேலை உள்ளவர்கள் டெலிகா அளவில் நின்றுகொள்ளலாம். அதையும் தாண்டி 500 டாலர் கத்தியைக் கையில் எடுப்பவர்கள் கடையில் காகிதத்தை வெட்டிப் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். அந்தக் கூரை எந்தக் கத்தியிலும் கொண்டுவந்துவிடலாம். அலகைத் திறந்து பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். மூடிய நிலையில் அது நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள். பூட்டு அலகின் அடியில் முழுப் பரப்போடு பொருந்துகிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நீங்களே பிரித்துப் பூட்டினாலும் உத்தரவாதம் செல்லுமா என்று கேளுங்கள். இவற்றில் ஒன்றில் குறை தெரிந்தாலும், எஃகின் பெயர் எதுவாயினும், அந்தக் கத்தியை வைத்துவிட்டு வரலாம்.