கொடைக்கானலிலிருந்து ஆதித்யா வரை

வத்தலக்குண்டில் எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் கொடைக்கானல் மலை தெரியும். சூரியக் கரும்புள்ளிகளில் வாயு வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909-இல் கண்டறிந்தது அம்மலையிலுள்ள வானாய்வகத்தில்தான். அதே சூரியனை இன்று, 2023 செப்டம்பர் 2-இல் ஏவப்பட்ட இந்திய விண்கலமான ஆதித்யா எல்-1, பூமியிலிருந்து சுமார் 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில், இரவோ கிரகணமோ குறுக்கிடாத இடத்திலிருந்து கவனித்து வருகிறது. (திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி நம் செங்கோட்டைக்காரர் என்பதில் எனக்குத் தனிப் பெருமை.)

நேற்றிரவு என் மகள் தெருவிளக்கைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு, அதைச் சுற்றி மொய்த்த ஈசல்களை எனக்குக் காட்டினாள். ஆதித்யாவின் முதன்மைக் கருவியும் சூரியனின் பிரகாசமான வட்டை அவ்வாறே மறைத்துத்தான் அதன் மங்கலான வெளி வளிமண்டலமான கரோனாவைப் படமெடுக்கிறது. மேற்பரப்பு ஏறத்தாழ 5,500 டிகிரி செல்சியஸாக இருக்கையில், அதற்கு வெளியே உள்ள கரோனா 10 லட்சம் டிகிரியைத் தாண்டுவது எப்படி என்பதே அது விடை தேடும் பெரிய கேள்வி.