கொந்தகையில் என்ன இருக்கிறது?

கீழடிக்குப் போகிறவர்களில் பாதிப்பேர் பக்கத்து ஊரான கொந்தகையை எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. அருங்காட்சியகம், அந்தச் செட்டிநாட்டுத் தூண்களுக்கு முன்னால் நாலு செல்ஃபி, அப்புறம் வண்டியைத் திருப்பினால் மதுரை. கீழடியில் குடியிருந்தவர்களைக் கொண்டுபோய்ப் புதைத்த இடம்தான் கொந்தகை. செங்கல் சுவரையும் உறைகிணற்றையும் பார்த்தால் ஊர் எப்படி இருந்தது என்று தெரியும், ஆள் யார் என்று தெரியாது. அதற்கு ஈமக்காட்டுக்குத்தான் போகணும்.

போன ஞாயிற்றுக்கிழமை நானும் அத்தை மகனும் காரை எடுக்கும்போது அப்பத்தாவும் ஏறிக்கொண்டது. "ஞாயித்துக்கெழமையும் அதுவுமா சுடுகாட்டுக்காடா கூட்டிட்டுப் போறீங்க?" என்று சிலைமான் தாண்டும் வரைக்கும் ஒரே புலம்பல், ஆனால் இறங்கு என்றால் இறங்காது.

மேடு, கல்வட்டம் என்று எதையாவது எதிர்பார்த்துப் போனால் கொந்தகை ஏமாற்றிவிடும். செத்தவர்களை வைத்துப் புதைத்த பெரிய மண்பானைகள், அந்தத் தாழியெல்லாம் மண்ணுக்குள்ளே. மேலே வெயிலும் கருவேலமும்தான். குனிந்து பார்த்தால் ஓடு கிடக்கும். ஒரு சில்லு, உள்பக்கம் நல்ல கறுப்பு, வெளிப்பக்கம் சிவப்பு. பானையைக் கவிழ்த்து வைத்துச் சுடும்போது காற்றுப் படாத உள்பக்கம் கறுத்துவிடும், காற்றுப் பட்ட வெளிப்பக்கம் சிவந்துவிடும், அவ்வளவுதான் சூட்சுமம். தயவுசெய்து அதை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு வராதீர்கள், கிடந்த இடத்தில் கிடந்தால்தான் அதற்கு மதிப்பு.

அங்கே நின்றுகொண்டு அப்பத்தா கதையை ஆரம்பித்தது. தென்மாவட்டத்தில் எந்தக் கிழவியைக் கேட்டாலும் சொல்லும் அதே கதைதான்: அந்தக் காலத்தில் ஆட்களுக்குச் சாவே வராதாம், வயசாக வயசாக உடம்பு சுருங்கிக்கொண்டே போய்க் கைப்பிள்ளை அளவுக்கு வந்துவிடுமாம், பார்த்துக்கொள்ள முடியாமல் தாழிக்குள் உட்காரவைத்து, சோறும் தண்ணியும் ஒரு விளக்கும் வைத்து மூடிவிடுவார்களாம். அத்தை மகன் சும்மா இருப்பானா? பெரும்பாலும் உடம்பை முதலில் வேறு எங்கேயாவது போட்டுவைத்து, பிறகு எலும்பைப் பொறுக்கித் தாழியில் வைப்பார்கள், அதனால்தான் பெரிய ஆளும் உள்ளே அடங்கினான் என்று பாடம் எடுத்தான். தாழி இல்லாமல் நேரே மண்ணில் கிடத்திப் புதைத்ததும் இங்கே உண்டு, 2020-இல் கொந்தகையைத் தோண்டியபோது ஒரு குழந்தையின் எலும்புக்கூடும் கிடைத்தது என்றான். அப்பத்தா சட்டென்று திரும்பி, "சின்னப்பிள்ளைக்கு என்னடா வயசாச்சு, சுருங்குறதுக்கு?" என்றது. அதற்குமேல் கதையை அது தொடரவில்லை.

அப்புறம் அருங்காட்சியகம். 2023 மார்ச்சில் திறந்தது. நகையும் காசும் இருக்கிற பக்கம் கூட்டம் அம்முகிறது, தாழிப் பக்கம் காலி, எங்களுக்கு வசதியாகப் போயிற்று. தாழியின் சுவர் அவ்வளவு தடிமன், இதைச் சூளையில் ஏற்றி உடையாமல் இறக்கிய குயவர் லேசுப்பட்ட ஆள் இல்லை. சில தாழிக்குள் இரும்புக் கத்தியும் சூதுபவள மணியும் வைத்திருக்கிறார்கள், சிலவற்றில் வெறும் கலயம்தான். சாவிலும் வசதி உள்ளவன் இல்லாதவன் கணக்கு அப்போதே இருந்திருக்கிறது என்றுதான் எனக்குப் படுகிறது. கீழடி என்றாலே சாதி இல்லை, சாமி இல்லை, எல்லாரும் சமம் என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்தத் தாழிகளையும் ஒருதரம் வந்து பார்க்கலாம்.

2025-இல் கொந்தகை மண்டையோடுகள் இரண்டை வைத்து, லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தில் முகம் வரைந்து வெளியிட்டார்களே, அதை செல்லில் காட்டினேன். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துக்காரர்களும் சேர்ந்து செய்த வேலை அது. எலும்பு சொல்வது முகவெட்டைத்தான், நிறத்திலும் முடியிலும் ஊகம் நிறையக் கலந்தே இருக்கும், அதனால் "இதோ பார் ஆதித்தமிழன்" என்று குதிக்க எனக்கு மனசில்லை. அப்பத்தா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தது. "இவன எங்கயோ பாத்திருக்கேன்டா. நம்ம தெருவுல கொத்து வேலைக்கு வருவான்ல?"

கொந்தகையை விடக்கூடாது என்று நான் சொல்வதற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. மதுரைக்குள்ளேயே தாழிக்காடு இருந்தது. அனுப்பானடியிலும் பரவையிலும் வெள்ளைக்காரன் காலத்திலேயே தாழி எடுத்திருக்கிறார்கள், பழங்காநத்தத்தில் கோவலன் பொட்டலிலும் தோண்டி எடுத்தார்கள். இன்றைக்கு அனுப்பானடியில் பஸ்ஸை விட்டு இறங்கி விசாரித்துப் பாருங்கள், ஒருத்தருக்கும் தெரியாது, எல்லாம் வீடாகிவிட்டது.

அடுத்து ஆண்டிபட்டிப் பக்கம் புலிமான்கோம்பைக்குப் போகலாம் என்கிறான் அத்தை மகன். 2006-இல் தமிழி என்கிற பழைய தமிழ் எழுத்துள்ள நடுகற்கள் கிடைத்த ஊர். அதில் ஒன்று, மாட்டுமந்தையைக் கவர நடந்த சண்டையில் செத்தவனுக்கு நட்டது. அப்பத்தா இப்போதே கேட்டுவிட்டது, அந்தப் பக்கம் நல்ல சாப்பாட்டுக்கடை இருக்கிறதா என்று.